பால்சுறா வாங்கிய வீடு

செப்டம்பர் 18, வியாழன்

புரட்டாசி பிறந்து இரண்டாம் நாள். அத்தை எல்லாப் பாத்திரத்தையும் புளி போட்டுத் தேய்க்க வைத்தாள். குப்பைக் கூடையில் ஒரு முட்டை ஓடு கிடந்ததற்கு அரைமணி நேரப் பேச்சு வாங்கினேன். கணவர் குமரேசன் பேப்பருக்குள் ஒளிந்துகொண்டார்.

வானொலி நிலையத்தில் தயாரிப்பாளர் லாசரஸ் சார் அடுத்த வாரத்துக்குத் தலைப்பு கேட்டார். நான் நடத்தும் 'பத்து மணிப் பேச்சு' தொடங்கி மூன்று வருடமாகிறது. பால் விலை, குப்பை வண்டி, தாம்பரம் நெரிசல் எல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது. "புரட்டாசியில் நாம் விட்டதும், விட முடியாததும்" என்றேன். "சூப்பர்மா, சிரிப்பா இருக்கும்" என்றார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நாத்தனார் மஹாலட்சுமி பிள்ளை பெற்று இருபது நாள். தாய்வீடு என்று இங்கேதான் இருக்கிறாள். பால் போதவில்லை, குழந்தை வீல் வீலென்று கத்துகிறது.

எனக்கும் ஹர்ஷா பிறந்தபோது இதே புரட்டாசி, இதே கத்தல். பால்சுறா புட்டு சாப்பிட்டால் பால் சுரக்கும் என்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். வாய்விட்டுக் கேட்டேன். "பெருமாள் மாசத்துல இந்த வூட்டுல கவுச்சியா? பூண்டு துன்னு" என்றாள் அத்தை. நாலு வருடமாகியும் அந்தப் பூண்டு வாசம் மூக்கை விட்டுப் போகவில்லை. ஹர்ஷா டப்பா பாலில்தான் வளர்ந்தான்.

இப்போது மகளுக்கும் பூண்டுதான் கொடுக்கிறாள். சரி, நியாயம் எல்லாருக்கும் ஒன்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

நிகழ்ச்சியில் நாலாவது அழைப்பு ரேணுகாம்பாள். கானத்தூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வந்து எங்கள் மாடம்பாக்கத்தில் விற்கிறவள். வாரம் இரண்டு முறையாவது பேசுவாள். அவள் பேச்சைக் கேட்கவென்றே ஒரு கூட்டம் இருக்கிறது.

"புரட்டாசில வியாபாரம் படுத்துடுமே அக்கா?"

"படுத்துரும்மா. ஆனா ஒரு வூடு கீது. பெரிய பக்தி வூடு. பின்னாடி செவுத்து மேல பச்ச பக்கெட்ட கவுத்து வெச்சா மீன் வோணும்னு அர்த்தம். சத்தம் போடாம குடுத்துட்டு வந்துருவேன்."

சிரித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லாசரஸ் சாரும் சிரித்தார். "யாருக்கு அக்கா அவ்ளோ ஆசை?" என்றேன்.

"ஆசை இல்லம்மா. பொண்ணு புள்ள பெத்துகினு வந்துகீது, பால் இல்ல. அதுக்குப் பால்சுறா. பெத்தவ மனசு கேக்குமா? சாமி இதுக்கெல்லாம் கோச்சுக்காது."

பச்சை பக்கெட். மூன்று நாளாக எங்கள் பின்சுவர் மேல்தான் கவிழ்ந்திருக்கிறது. காக்காய்க்குச் சோறு வைக்க என்றாள் அத்தை. மத்தியானம் நான் வீடு திரும்பும்போது சாம்பிராணிப் புகை மண்டிக் கிடக்கும். அதையும் பக்தி என்று நினைத்தேனே!

அப்போதே இணைப்பைத் துண்டித்திருக்கலாம். விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. அவள் வரும் நேரம் நான் நிலையத்தில் இருக்கிறவள், வீட்டில் மீன் வாங்குவதும் எப்போதும் அத்தைதான். என் முகமும் அவளுக்குத் தெரியாது, யார் வீட்டு மருமகள் என்பதும் தெரியாது. எனக்குத்தான் எல்லாம் தெரிந்துவிட்டது.

"எந்தத் தெரு அக்கா? சும்மா சொல்லுங்க" என்றேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"கொளத்துக்குப் பின்னாடி ரெண்டாந் தெருதான். முருங்க மரம் வெச்ச வூடு" என்றாள், சிரித்துக்கொண்டே.

ரெண்டாம் தெருவில் முருங்கை மரம் ஒன்றே ஒன்றுதான்.

செப்டம்பர் 24, புதன்

காலையிலேயே வாசலில் தெருச் சங்கத்து ஆட்கள். அத்தை கண் இமைக்கவில்லை. "போன மாசம் நாறின மீனத் தூக்கி அவ மூஞ்சிலயே போட்டேன். அந்தக் காண்ட ரேடியோல தீத்துக்கினா" என்றாள். நம்பினார்கள். பாதிப் பேருக்குக் கடை வாடகைக்கு விட்டிருப்பது என் அத்தை கங்கையம்மாள். நம்பாமல் என்ன செய்வார்கள்?

ரேணுகாம்பாள் வழக்கம்போல் வந்திருக்கிறாள். கூடையைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்திருக்கிறார்கள். இனி இந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாதாம். பதினெட்டு வருடமாக அவள் சோறு இந்தத் தெருவில்தான்.

நான் குறி வைத்தது அவளையா? இல்லையே. இல்லவே இல்லையே.

சாப்பிடும்போது அத்தை எனக்கு ரசம் ஊற்றினாள். "நல்லாத்தான் கேள்வி கேக்குற" என்றாள்.

செப்டம்பர் 25, வியாழன்

மஹாவின் குழந்தைக்கு டப்பா பால் வந்துவிட்டது. நான்தான் கலக்கிக் கொடுத்தேன். சந்தோஷமாக இருந்ததா? இருந்தது. இங்கேகூடப் பொய் எழுத வேண்டுமா?

செப்டம்பர் 29, திங்கள்

சங்கத்திலிருந்து புகார்க் கடிதம். லாசரஸ் சார் ஆடிப்போய்விட்டார். "அந்தம்மாவையே பொய்னு சொல்ல வெச்சிடு ஹேமா. அப்பதான் நிகழ்ச்சி நிக்கும்."

அவளுக்கு நானே போன் செய்தேன். "சங்கத்துல பேசிட்டேன் அக்கா. பொய் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, தெருவுல விட்டுடுவாங்க" என்றேன். சங்கத்தில் யாரோடும் நான் பேசவில்லை. கடிதம் எழுத வைத்த அத்தை நேற்றே சொல்லிவிட்டாள்: "ரேடியோல பொய்னு அவ சொல்லட்டும். அப்புறமும் உள்ள வுடக்கூடாது."

"நீ சொன்னா சரிம்மா. எனக்கு அந்தத் தெரு வோணும்" என்றாள் ரேணுகாம்பாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சொன்னாள். "நான் சொன்னது பொய்யி. அந்த வூட்டம்மா நல்லவங்க. காண்டுல சொல்லிட்டேன்." அதோடு விட்டிருக்கலாம். லாசரஸ் சார் அழைப்புகளைத் திறந்துவிட்டார். ஏழு பேர் வரிசையாக வந்து அவளைக் கழுவி ஊற்றினார்கள். சாமிக் குத்தம் என்றார் ஒருவர். மீன்காரி புத்தி என்றாள் ஒருத்தி. அவளை லைனிலேயே வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றாள்.

எட்டாவது அழைப்பு அத்தை. "போவட்டும், ஏழப்பட்டவ. நான் மன்னிச்சிட்டேன்." உலகமே கேட்க, "உங்க பெரிய மனசுக்கு நன்றிம்மா" என்றேன். இந்த வருடத்திலேயே அதிகம் பேர் கேட்ட நிகழ்ச்சியாம். லாசரஸ் சார் எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தருவதாகச் சொன்னார், புரட்டாசி முடிந்ததும்.

அக்டோபர் 8, புதன்

ரேணுகாம்பாளைத் தெரு முனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிறார்களாம். நிலையத்துக்கு ஆறு முறை கூப்பிட்டுவிட்டாள். அந்த எண்ணை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

தெருவுக்கு இப்போது மீன் வருவதில்லை. அத்தை என்னைத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு அனுப்பினாள். "வஞ்சிரம் ஒரு கிலோ. பாத்து வாங்கு."

கடைக்காரர் எடை போட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடியில், அரிவாள்மணை முன்னால் ஒருத்தி குந்தியிருந்தாள். அடுத்தவர் கடையில் கூலிக்கு மீன் ஆய்கிறவள். ஒல்லி, நரைத்த கொண்டை, கையெல்லாம் செதில். "துண்டு போடவா, முழுசாவா?" என்று நிமிர்ந்து கேட்டாள்.

மூன்று வருடம் ஹெட்போனில் கேட்ட குரல். வாயைத் திறந்தால் அவளுக்கும் என்னைத் தெரிந்துவிடும். முகம் தெரியாது, குரல் தெரியும். விரலால் காற்றில் வெட்டிக் காட்டினேன். பருமன் எவ்வளவு என்று கேட்டாள். அதையும் விரலால் காட்டினேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம் தணிந்த குரலில், "வாய் பேச வராது போல கீது சின்னப்பா. பாவம். இதுங்கிட்ட ஆய்ற கூலி வாணாம்" என்றாள்.

ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை கழுவிப் பையில் போட்டாள். தன் பங்குக்கு ஒதுக்கி வைத்திருந்த தலைத்துண்டையும் எடுத்து மேலே வைத்தாள். "கொயம்பு வெச்சுத் துன்னு கண்ணு" என்று சைகையிலும் காட்டினாள், எனக்குக் காதும் கேட்காதோ என்று.

ஊமை எப்படி ஆட்டுவாளோ அப்படியே தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன்.