ஏசி நின்ற இருபது நிமிடம்

சித்திரை, செவ்வாய், இரவு.

மதியம் கரண்ட் போய், சோதனை அறையில் ஏசி நின்றது. கருவிகள் மட்டும் யுபிஎஸ்ஸில் ஓடின. அம்மா வேலை பார்க்கும் பந்தல்குடி பஞ்சு மில்லுக்குப் போகிற மெஷின் கட்டுப்பாட்டு போர்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். போர்டை நடத்தும் க்ளாக் துடிப்பு ஒவ்வொன்றும் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். அறை சூடாக ஆக, துடிப்பு முன்னும் பின்னுமாகத் தள்ளாடியது. அளவைத் தாண்டித் திரையில் சிவப்பு விழுந்தது. ஏசி வந்ததும் மறுபடி பச்சை.

மேலாளர் அண்ணனிடம் காட்டினேன்.

"ஏசி ஓடும்போது எடுக்குறதுதாம்மா கணக்கு. அந்த இருவது நிமிசத்த அழிச்சிரு."

அழித்தேன். 'சரி' என்று கையெழுத்தும் போட்டேன்.

மெஷினுக்குள் கை போனால் உடனே நிறுத்த வேண்டியது அந்த போர்டுதான். துடிப்பு தப்பினால் போர்டு கையைக் கவனிக்காமலே விட்டுவிடக்கூடும்.

சாப்பிடும்போது, "ஒங்க மில்லு செட்டுல ரொம்பச் சூடாம்மா?" என்று கேட்டேன்.

"பஞ்சு பறக்குதுன்னு ஃபேனக்கூட நிப்பாட்டிருவாக," என்றாள் அம்மா.

காலை முதல் பஸ்ஸில் பார்சல் போகிறது. 'ஏத்தாதீங்கண்ணே' என்று மேலாளர் அண்ணனுக்குப் போனில் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.

பக்கத்தில் அம்மா, கையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறாள்.