யாரும் போடாத எட்டாம் நம்பர்

இன்று காலை பரணிலிருந்து இறக்கிய பெட்டி ஒன்றைத் திறந்ததும், பழைய ரப்பரும் பசையும் கலந்த புளித்த வாடை முகத்தில் அடித்தது. உள்ளே அந்தப் பூட்ஸ் சோடி. எட்டாம் நம்பர், அகலப் பாதம், கணுக்கால் வரை ஏறும், இரண்டு பக்கமும் எலாஸ்டிக். மேல்தோல் நேற்று வந்த சரக்கு மாதிரி மின்னியது. எடுத்துத் திருப்பினேன். அடிப்பாகம் காய்ந்த புட்டாக என் கையில் உதிர்ந்தது.

இந்த ரகச் சோலின் குணம் அது. போட்டு நடந்தால் நாலைந்து வருஷம் உழைக்கும். பொத்தி வைத்தால் தானாக உதிர்ந்துவிடும். செருப்பு வியாபாரத்திலேயே தலை நரைத்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். இருந்தும் அதை விற்கவும் மனசு வரவில்லை, தூக்கி எறியவும் வரவில்லை.

பெட்டி மூடியின் உள்பக்கத்தில், நீல பால்பேனாக் கோட்டில், உன் வலது கால் இருந்தது.

சர்க்கரை ஏறிக் காலில் உணர்ச்சி மழுங்கிவிட்டது, இனி ஈரத்தில் வெறுங்காலோடு நிற்காதே என்று டாக்டர் சொன்னதும் நேராக என்னிடம்தான் வந்தாய். சாமந்திக்குத் தண்ணீர் கட்டுகிறவன் ஈரத்தில் நிற்காமல் வேறு எங்கே நிற்பான்?

"தண்ணி ஏறாத ஷூ ஒண்ணு குடுடா. காலைல போட்டா பொழுதுக்கும் கால்லயே இருக்கணும்" என்றாய்.

அன்று உனக்கு நான் எடுத்துக்கொண்ட சிரத்தையை வேறு யாருக்கும் எடுத்ததில்லை. கால் சற்று வீங்கியிருக்கும்போதுதான் நிஜ அளவு தெரியும் என்று சாயங்காலமாக வரச் சொன்னேன். உணர்ச்சி இல்லாத காலிடம் இறுக்குகிறதா என்று கேட்டுப் பயனில்லை. அதனால் கையில் கிடைத்த மூடியைத் தரையில் போட்டு, உன் காலை அதன்மேல் வைத்து வரைந்தேன்.

"இன்னாடா, காலுக்கு ஜாதகம் எழுதறியா? ஆயுசு எவ்ளோனு பாத்து சொல்லு."

"வாய மூடிக்கினு நில்லு. கோடு ஆடுது."

நீ சும்மா நிற்கவில்லை. மூடியெடுத்த அந்தப் பெட்டியிலிருந்த எலாஸ்டிக் சோடியை நீயே எடுத்துக் காலை நுழைத்தாய். குனியவே இல்லை. பின்னால் இருந்த வாரைப் பிடித்து ஒரே இழுப்பு, ஏறிவிட்டது. கழற்றினாய், மறுபடி போட்டாய். "இது நல்லா இருக்குதுடா, சட்டுனு ஏறுது."

"அது ஒரு வெள்ளக்காரருக்கு எடுத்து வெச்சது. உனக்கு அத விட ஒசத்தி தரேன்" என்றேன்.

பாதி பொய். அந்த மனிதர் முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை. மழை விட்டதும் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனவர், அவ்வளவுதான். ஆனால் அவர் வந்தால் இன்னும் பத்துப் பேரைக் கூட்டி வருவார் என்று என் புத்தி கணக்குப் போட்டது. நீ எங்கே போய்விடப் போகிறாய்?

உனக்குக் கொடுத்தது லேஸ் கட்டும் பூட்ஸ். மட்டமான சரக்கு இல்லை. லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கு, தண்ணீர் புகாதபடி இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்திருந்தது. செய்தித்தாளை உள்ளே திணித்து வாளித் தண்ணீரில் நிறுத்திக் காட்டினேன், தாள் நனையவில்லை. விரல் மடங்கும் இடத்தில் சோலும் மடங்கியது, குதிகால் தூக்கவில்லை. எல்லாம் பார்த்தேன். ஒன்றைத் தவிர.

உன் வீடு கிரிவல ரோட்டுக்கு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம். மலையைச் சுற்றும் பாதையில் நீ செருப்புக் காலை வைத்ததில்லை. பௌர்ணமிக்கு வருகிறவர்கள் மாதம் ஒரு நாள் செய்வதை நீ தினமும் ஏழெட்டுத் தடவை செய்தாய். ரோட்டோரம் கழற்றுவாய், கையில் தூக்கிக்கொண்டு தாண்டுவாய், அந்தப் பக்கம் போட்டுக்கொள்வாய். இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் முதல் கடையே உன் வேலியோரம் விரித்த தார்ப்பாய்தான். "வாடக இன்னாடா வாடக, என் வேலிக்குக் காவலா இரு" என்று சொல்லி மூன்று வருஷம் இடம் கொடுத்தவன் நீ. அங்கே உட்கார்ந்து தினமும் பார்த்தவன் நான்.

ஒன்றரை மாதம் கழித்து, நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, தங்கச்சி ஒரு கட்டைப் பையோடு கடைக்கு வந்தாள். உன் மனைவியை வேறு எப்படியும் நான் கூப்பிட்டதில்லை. பையில் அந்த லேஸ் பூட்ஸ். சோலில் சேறே படவில்லை.

"யாருக்காவது ஆவும், எடுத்துக்குங்கண்ணே. ரோட்டாண்ட வந்தா கழட்டுவாரு. அந்தாண்ட போயி குனிஞ்சி லேஸு கட்ட முடியல அவரால. ரெண்டு நாள் பாத்தாரு. அப்புறம் கையில தூக்கிக்கினே போயி வரப்புல வெச்சிடுவாரு."

வெறுங்காலில் வேலிமுள் ஏறி, மூன்று நாள் உள்ளேயே இருந்திருக்கிறது. உனக்குத் தெரியவே இல்லை. முதலில் விரல் போயிற்று. பிறகு கணுக்காலோடு எடுத்தார்கள். அதற்குப் பிறகு நீ இருந்தது பதினோரு நாள்.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. மாற்றிக் கொடு என்று வந்து நின்றிருக்கலாம். உரிமையாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "நீ பாத்து பாத்து குடுத்தது, அத எப்படிடா வாணாம்னு சொல்றது" என்றாய். அந்த மரியாதைக்கு நான் லாயக்கா என்று ஒரு தடவையாவது யோசித்தாயா?

தங்கச்சி இன்றைக்கும் சொல்கிறாள், "நீங்க நல்லதாதாண்ணே குடுத்தீங்க. அவருக்குத்தான் குடுத்து வெக்கல." எலாஸ்டிக் சோடி ஒன்று இருந்ததை அவளிடம் நான் சொன்னதில்லை. அந்த வெள்ளைக்காரரும் வரவே இல்லை.

இப்போது யார் வந்து பூட்ஸ் கேட்டாலும், நம்பருக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன். "ஒரு நாளைக்கு எத்தன தடவ கழட்டுவீங்க?" கேட்கிறவர்கள் அசந்துபோகிறார்கள். "இந்த ஊரு காலு தெரிஞ்ச ஆளு நீங்கதாங்க" என்று போன வாரம்கூட ஒருவர் சொன்னார். அந்தக் கேள்வியால் வியாபாரம் ஜாஸ்தியாகியிருக்கிறது. உன் காலை விலையாக வைத்துக் கற்றதில் நான் சாப்பிடுகிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

உதிர்ந்த சோடியைக் குப்பையில் போட்டுவிட்டேன். மூடியைப் போடவில்லை. கல்லாவுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் வைத்திருக்கிறேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது வலது கால் உன்னோடு இல்லை. அதன் அளவு என்னிடம் இருக்கிறது.