அத்தானைப் பேயென்று நினைத்தார்கள்

அன்புள்ள அத்தான்,

போன வாரம் தென்காசியில் உங்களைப் பார்த்து ஒரு கூட்டமே அலறியது. கேட்டால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். எனக்குத்தான் இன்னும் சிரிப்பு வரவில்லை.

ஒரு பேய்ப் படத்துக்கு டைட்டில் செய்கிறேன். அந்தக் காலத்துப் படம் போல இருக்க வேண்டும் என்றார் இயக்குநர். கம்ப்யூட்டரில் என்னென்னவோ செய்து பார்த்தேன், எழுத்தில் பயமே இல்லை. கடைசியில் உங்கள் வழிக்கே வந்தேன். அரிசிமாவைக் குழைத்துக் கறுப்புப் பலகையில் பெயர்களை எழுதி, குற்றாலத்து வீட்டு மொட்டைமாடியில் சாரலில் வைத்தேன். எழுத்துகள் கால் நீண்டு வழிந்தன. இயக்குநருக்கு அவ்வளவு சந்தோஷம்.

நம் முதல் குறும்படத்துக்கு இந்த யோசனையைச் சொன்னது நீங்கள். செங்கோட்டை டயர் கடைக்கு இரண்டு நாள் லீவு போட்டு எழுதியதும் நீங்கள். குடையைக் கேமராவுக்குப் பிடித்துவிட்டுத் தொப்பலாக நனைந்தீர்கள். பெயர்ப் பட்டியலை மட்டும் நான் கொடுத்தேன். அதில் டீ வாங்கி வந்தவர் பெயர்கூட இருந்தது. உங்கள் பெயர் இல்லை. வீட்டு ஆள்தானே என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக 'டைட்டில்: சங்கரன்' என்று என் பெயரை எழுதி முடித்துவிட்டு, "இம்புட்டுதானா மாப்ள?" என்று கேட்டீர்கள். "அவ்ளோதான் அத்தான்," என்றேன். நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்று எனக்குப் புரியவில்லையா, புரியாத மாதிரி இருந்துகொண்டேனா?

போன ஐப்பசியில் நீங்கள் போன பிறகு அந்தக் கேள்வி என்னை விடவேயில்லை. அதனால்தான் இந்தப் படத்தின் தொடக்கத்தில், எல்லாரும் செய்வதுபோல, மாலையும் விளக்குமாக உங்கள் போட்டோவை வைத்தேன். டைட்டில் பழசாகத் தெரியச் சேர்த்த கீறலும் நடுக்கமும் அதிலும் ஏறிவிட்டன. நான் கவனிக்கவில்லை. நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, இருட்டில் உங்கள் முகம் வெட்டி வெட்டி ஆடியது. முன்வரிசையில் அலறினார்கள். "ஏலே, இந்த ஆளுதாம்லே பேயி," என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"ஒண்ணு சொல்லுதேன், கேளு. அந்தப் போட்டோவ எடுத்திரு. அவரு செத்துட்டாருன்னு ஊருக்குச் சொல்லி என்ன ஆவப்போவுது? வேல பாத்தாருல்லா, அதப் போடு," என்றாள். பிறகு, "அன்னைக்கு எழுதிட்டு வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'எம் பேரு நீளம்லா, மாவு காணாதுன்னு விட்டுட்டாம் போல'ன்னு சொல்லிச் சிரிச்சாரு," என்றாள்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

நேற்று போட்டோவை எடுத்துவிட்டேன். பலகையோடு மறுபடி மாடிக்குப் போனேன். 'டைட்டில்: குற்றாலிங்கம், சங்கரன்'. உங்கள் பெயரை முதலில், முழுசாக எழுதினேன். மாவு மிச்சம் இருந்தது அத்தான்.

படம் வெளியாகும் அன்று அக்காவைக் கூட்டிப் போவேன். இனி எந்தப் பட்டியலை முடித்தாலும், 'இம்புட்டுதானா' என்று நானே என்னைக் கேட்டுக்கொள்வேன்.

உங்கள் பெயருக்கு அடுத்து நிற்கும்
உங்கள் மைத்துனன்,
சங்கரன்