காக்ஸ் டவுன்காரனுக்குக் கொடுத்த நாய்

செவ்வாய்க்கிழமை. இப்போது நல்ல மழை.

எனக்கு எழுத வராது. சொல்வதைப் போன் எழுதிக்கொள்கிறது.

நான் வேலை பார்க்கும் நாய்க் காப்பகத்துக்கு இன்று காக்ஸ் டவுன் வீட்டுக்காரன் வந்தான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவன் புருவத் தழும்புகூட மறக்கவில்லை. அவன் வீட்டு அவுட்ஹவுஸில் நான் குடியிருந்தபோது, குரைக்கிறது என்று என் நாய் மணியை நாய் பிடிக்கும் வேனில் ஏற்றி அனுப்பியவன். கேட்டில் நின்று கெஞ்சினேன். திறக்கவே இல்லை.

"அமைதியான நாயாக் குடுங்க தாத்தா. வீட்ல புது சோபா."

"தங்கமான குட்டி ஒண்ணு இருக்கு சார், இருங்க."

ஜிங்கா ஒரு நிமிஷம் நிற்காத இளம் நாய். பின்பக்கம் கொண்டுபோய்ப் பந்தை எறிந்து எறிந்து நாக்குத் தொங்கும்வரை ஓடவிட்டேன். வந்து அவன் காலடியில் சுருண்டு படுத்தது. சந்தோஷமாகக் கூட்டிப்போனான்.

சாயங்காலம் போன் செய்தான். "என்னய்யா நாய் குடுத்தே? சோபா பஞ்சு ரோடு வரைக்கும் பறக்குது."

என் வயிறு குளிர்ந்தது.

"கட்டிப் போட்டிருக்கேன். காலைல வேன் வரச் சொல்லிட்டேன்."

"வேணாம் சார், நானே வந்து கூட்டிட்டுப் போறேன் சார்." எத்தனை சார் போட்டேனோ.

பொம்மனஹள்ளியில் தினமும் ஓட்டம் போகிற பெண் ஒருத்தி ஜிங்காவைக் கேட்டிருந்தாள். அங்கேதான் கொடுத்திருக்க வேண்டும். நாளை அங்கேதான் போகும்.

முதல் பஸ்ஸில் கிளம்ப வேண்டும். மறுபடியும் அதே கேட். ஜிங்கா வெளியே வரும்வரை கைகட்டி நிற்பேன். கயிறு என் கைக்கு வந்த பிறகு, மணியின் பேரை அவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன்.