பிளாஸ்கில் கசந்த தேத்தண்ணி

ஹம்சிகா அக்கா,

நீங்கள் கோயிலால் வருமுன் நான் வேலைக்குப் போகிறேன். புட்டும் சம்பலும் மேசையில் மூடியிருக்கிறது. வீட்டைப் பூட்டி, திறப்பை இந்தக் கடிதத்தோடு கீழ்வீட்டு நஸீறா அன்ரியிடம் கொடுக்கிறேன். பிளாஸ்கில் நீங்கள் போட்டுவைத்த தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை.

சில நாளாக அது கசக்கிறது. டொக்டர் தந்து நான் நிறுத்திய குளிசையை அதற்குள் கரைக்கிறீர்களா? அதைப் போட்டால் எழுத்து மிதக்கிறது, வாசிக்கிற ரஷ்ய நாவலில் ஒரு பக்கமும் நகரவில்லை. அதனால்தான் நிறுத்தினேன். "கதைப்புத்தகம் பெரிசோ, உன்ர உயிர் பெரிசோடி?" என்று நேற்றுக் கத்தினீர்கள்.

சனம் நெரியும் காலி வீதி பஸ்ஸில் எனக்கு நெஞ்சு படபடத்தால், "சும்மா பதகளிக்காதை" என்பீர்கள். டொக்டரோ என் நோயின் பெயரே பதகளிப்பு என்றார். ஆபத்து இல்லாதபோதும் மூளை ஆபத்து என்று கூவுமாம். உடம்பு அதை நம்பி வியர்த்து நடுங்குமாம். இந்தச் சந்தேகமும் அப்படியொரு கூவலோ, தெரியவில்லை.

கரைத்திருந்தால் சொல்லுங்கள். கோபிப்பேன், ஆனால் இனி நானே எடுத்துப் போடுவேன். இல்லையென்றால் பின்னேரம் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

மிதுனா

பி.கு: என்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்லவேண்டாம், முகத்தில் தெரிந்துவிடும். ஆனாலும் அக்கா, நீங்கள் "ஓம், கரைச்சனான்" என்று சொன்னால்தான் எனக்கு நிம்மதி.