இலை போட்டதா, மான் போட்டதா

என் கண்ணே,

உன் தோழி கையில் மூன்று தங்க நாணயங்கள் கொடுத்தனுப்புகிறேன். கடை கடையாக ஏறி இறங்கி, நோட்டில் எழுதி எழுதிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

இலைப் படம் போட்ட நாணயம் சுத்தத் தங்கம், ஆனால் சட்டென்று கீறல் விழும். மான் போட்டதில் செம்பு சேர்த்திருக்கிறார்கள். உள்ளே தங்கம் அதே அளவுதான். பஸ்ஸில் இடிபட்டு வந்தாலும் தாங்கும். எந்த ஊரிலும் வாங்கிக்கொள்வார்களாம். அதனால் மானிலேயே இரண்டு.

மூன்றாவது நீ பிறந்த வருஷத்துப் பழைய நாணயம். சாமி முன் வைக்க வேண்டுமே என்று சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னம்மா, பாத்திரமா இது? சேகரிக்கிறவங்க இனி திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. வெறும் தங்க விலைதான் கிடைக்கும்."

"அது போதும் தம்பி. என் பொண்ணு விக்கத்தான் போறா."

மாடியில்லாத உன் வீட்டில் மாடிப்படியில் விழுந்தேன் என்றாய். நானும் சரி என்றேன். அன்றிலிருந்து பிரார்த்தனையில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். இதை எழுதும்போதே இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்தேன்.

நாணயங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்காதே. விற்றுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வா. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

உன் அம்மா