குடுமி இல்லாத தேங்காய்

கோவை,
3.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரியா எழுதுகிறேன். நான் நலம், அண்ணியும் நீங்களும் நலம்தானே? தேங்காய் உரிக்கும் மெஷின் நேற்றே உடுமலைக்கு, நம் களத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். மூன்று வருட ஆராய்ச்சி, அண்ணா. பத்திரமாக ஓட்டுங்கள்.

தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடுதாசி என்று சிரிக்காதீர்கள். கல்லூரியில் என் மெஷின் வடிவமைப்பு வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. கருவியைச் செய்தவர் பேச்சு செல்லாது. அதை ஓட்டுகிறவர் பத்து நாள் ஓட்டிப் பார்த்து, குறைகளைத் தன் கையால் எழுதித் தபாலில் போட வேண்டும். அப்போதுதான் மார்க். மாணவர்களுக்கு வைத்த சட்டம் வாத்தியாருக்கும்தானே?

ஜூலை 12-ம் தேதி ஆராய்ச்சிக் குழு கூடுகிறது. இந்த வேலையைத் தொடரலாமா, மூடிவிடலாமா என்று அன்றைக்கு முடிவு செய்வார்கள். உங்கள் கடிதத்தை அறிக்கையோடு வைக்கப் போகிறேன்.

அன்புத் தங்கை,
சண்முகப்பிரியா

உடுமலைப்பேட்டை,
14.6.2024

அன்புத் தங்கச்சி பிரியாவுக்கு அண்ணனின் ஆசிகள்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் மெஷினைப் பற்றி என்னத்தைச் சொல்ல! மட்டை தனி, காய் தனி. காய் மொழுமொழுவென்று வந்து விழுகிறது. மணிக்கு முந்நூறு! பக்கத்துக் களத்துக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். "உங்க தங்கச்சி பெரிய மூளைக்காரிங்க" என்கிறார்கள்.

குறை எழுதச் சொன்னாய். தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. பச்சைப் பெயிண்ட்கூட அழகு.

உன் அண்ணன்,
சுப்பண்ணன்

கோவை,
25.6.2024

அண்ணா,

அன்புள்ள என்று போட மனசு வரவில்லை.

என் மாணவி தேஜஸ்ரீ ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கு எண்ணெய் விட நம் களத்துக்கு வந்தாள். மெஷின் மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறதாம். ஆட்கள் வழக்கம்போலப் பாரையில் குத்தி உரிக்கிறார்களாம். "ஏனுங்க அக்கா, மெஷின் ஓடலீங்களா?" என்று அண்ணியைக் கேட்டிருக்கிறாள். "ரெண்டே நாள்தான் கண்ணு ஓட்டுனோம். உங்க டீச்சர்கிட்டச் சொல்லிப்போடாதே, இவரு என்னைக் கொன்னுபோடுவாரு" என்றாராம் அண்ணி.

உங்கள் கடிதத்தை வகுப்பில் பெருமையாக வாசித்துக் காட்டி, அறிக்கையிலும் சேர்த்து அனுப்பிவிட்டேன்! இந்தப் பொய்யோடு குழுவின் முன்னால் எப்படி நிற்பேன்? வெட்கமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. என்ன கெட்டுப்போனது என்று எழுதுங்கள். என்னை நன்றாகத் திட்டி எழுதுங்கள். பூசி மெழுகினால் தீபாவளிக்கு அங்கே வரமாட்டேன்.

பிரியா

உடுமலைப்பேட்டை,
29.6.2024

அம்மணி,

உன்னைத் திட்டிப் பழக்கமில்லை. மூன்று தாளைக் கிழித்துப்போட்டேன். உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, "எழுதுங்க, சும்மா எழுதுங்க" என்று முடுக்குகிறாள். எழுதுகிறேன்.

குடுமி எங்கே அம்மணி? காயின் கண் மேல் நிற்க வேண்டிய நார்க்கொத்தை உன் மெஷின் ஒன்று விடாமல் சிரைத்துத் தள்ளுகிறது. குடுமி போனால் கண் வழியாகக் காற்றுப் பட்டு நாலே நாளில் பூஞ்சை பிடிக்கும் என்பது இங்கே நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். டாக்டர் பட்டம் வாங்கிய உனக்குத் தெரியவில்லை! தேங்காய்க்காரன் வீட்டில் பிறந்தவளுக்கு! இவ்வளவு படித்தவளுக்குக் களத்தில் வந்து ஒரு வார்த்தை கேட்க வாய் இல்லையா?

நம்மிடம் காய் வாங்கும் ஏவாரி வரதராஜுலு லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். "என்னங்க, காயெல்லாம் பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்திருக்குதுங்க" என்று சந்தையில் வைத்துச் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. குறை சொன்னால் உன் மூன்று வருடப் பாடும் வீணாகிவிடுமே என்று பயந்துதான் அப்படி எழுதினேன். தப்புத்தான், கண்ணு.

சுப்பண்ணன்

கோவை,
13.7.2024

அன்புள்ள அண்ணா,

நேற்று இரண்டு கடிதங்களையும் குழுவின் முன்னால் வாசித்தேன். முதலாவது பொய் என்று நானே சொல்லிவிட்டேன். பழனி மொட்டை வந்ததும் ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடுமி வைக்க எத்தனை மாசம் வேணுங்க மேடம்?" என்றார். ஆறு மாதம் என்றேன். கொடுத்துவிட்டார்கள், அண்ணா!

நீங்கள் திட்டியதை வகுப்புச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறோம். அடுத்த வாரம் மாணவர்களோடு களத்துக்கு வருகிறேன். உரிக்கும் ஆட்களிடம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேட்கப் போகிறோம். அண்ணியிடம் பதினாறு பேருக்குச் சாப்பாடு என்று சொல்லிவிடுங்கள்.

பிரியா

உடுமலைப்பேட்டை,
9.1.2025

பிரியாக் கண்ணுக்கு,

புது மெஷின் வந்து பதினேழு நாள் ஆகிறது. குறைகளைக் கேள். சத்தம் காதைக் கிழிக்கிறது. உன் அண்ணி கூப்பிட்டால் கேட்பதே இல்லை. இதை மட்டும் சரிசெய்ய வேண்டாம். சின்னக் காய் நூற்றுக்கு நாலு வெளியே உருண்டு ஓடுகிறது. மெஷின் பல்லில் சிக்கும் நாரை எடுக்க என் கை நுழையவில்லை. உன் கையை அளந்தா செய்தாய்?

வரதராஜுலு காய்களை ஒவ்வொன்றாகக் குடுமியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். லோடை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

குறைகளைத் திருத்த மெஷினைத் திரும்ப எடுத்துப்போகக் கல்லூரி வண்டி வரும் என்று தேஜஸ்ரீ போனில் சொன்னாள். வண்டி கிண்டி ஒன்றும் அனுப்பாதே. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பொங்கலுக்கு நீயே வா. செய்தி கேட்டதிலிருந்து உன் அண்ணி களத்துக் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறாள்.

உன் அண்ணன்,
சுப்பண்ணன்